உள்பையில் முப்பத்தொரு கடிதங்கள்

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு எதிரில் நகல் கடை வைத்திருப்பவனுக்கு, படிக்காமலே பாதி வாத்தியார் வேலை தெரிந்துவிடும். ஒன்பது வருடமாக எத்தனை பாடத்திட்டங்கள் என் இயந்திரத்தின் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்து போயிருக்கின்றன! ஆண்டு மாறும், பெயர் மாறும், உள்ளே இருப்பது மாறாது. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மாறாமல் இருப்பதால்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

அந்த வருடம் மழை தொடங்கிய வாரத்தில் விரிவுரையாளர் அம்மா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து அறுபது நகல் கேட்டார். 'வகுப்பறையில் படைப்பு நாடகம்: பயிற்சி ஆசிரியர்களின் மனப்பாங்கு' என்று தலைப்பு. கீழே நாற்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் முழுக்க உடன்படுகிறேன், கடைசிக் கட்டம் கொஞ்சமும் உடன்படவில்லை.

"மனசுல பட்டதை எழுதச் சொல்லியிருக்கேன். நான் சந்தோஷப்படணும்னு எழுத வேண்டாம்னும் சொல்லியிருக்கேன்," என்றார். நல்ல மனுஷி. நான் நகலை எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் பயிற்சி மாணவர்கள் என் கடை மேசையிலேயே வைத்து நிரப்பினார்கள். மூன்று நிமிடம் ஆகவில்லை. மேலிருந்து கீழ்வரை முதல் கட்டத்தில் ஒரே இழுவையாக டிக். ஏழாவது வாக்கியம், நாடகம் கற்றலை ஆழப்படுத்துகிறது. முழுக்க உடன்பட்டார்கள். பத்தொன்பதாவது வாக்கியம், நாடகம் பாட நேரத்தை வீணடிக்கிறது. அதற்கும் முழுக்க உடன்பட்டார்கள்.

"ஏம்ப்பா, ரெண்டும் எப்படிச் சரியா இருக்கும்?" என்று ஒரு பையனைக் கேட்டேன்.

"மேடம் கூட்டித்தாண்ணே பார்ப்பாங்க. யாரு படிக்கப் போறா?" என்றான்.

அந்த மாணவர்களில் ஒருத்தியான லாண்டரிக்காரர் மனைவி மட்டும் தன் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். வீடென்றால் என் கடைக்கு அடுத்த கடைதான். முன்னால் லாண்டரி, பின்னால் இரண்டு அறை. நடுவில் பலகைச் சுவர். அங்கே தும்மினால் நான் இங்கிருந்து பதில் சொல்லலாம். அவளும் யோசித்து நிரப்பினாள் என்று நினைக்க வேண்டாம். வலது கையில் இஸ்திரிப் பெட்டி, இடது கையில் பேனா. ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் நடுவில் நாற்பது டிக்கும் போட்டு முடித்தாள்.

"என்ன தங்கச்சி, உனக்கும் நாடகம் அவ்வளவு பிடிக்குமா?" என்றேன்.

"போங்கண்ணே. விடிஞ்சதுலேர்ந்து ஆவியில நின்னு வேகறேன். இதுக்கு மேல பிள்ளைங்க முன்னாடி போய் மரம் மாதிரி கையை விரிச்சு ஆடணுமாம். படிக்க வந்தேனா, கூத்தாட வந்தேனா?"

"அப்போ உடன்படலைன்னு போட வேண்டியதுதானே?"

"போட்டா தேர்ச்சி யாரு போடுவா? உங்க மிஷினா?"

அவளுக்கு முப்பத்துநான்கு வயது. வகுப்பிலேயே மூத்தவள். இந்த வயதில் படிக்கப் போனதற்குக் காரணம் அவள் கணவரின் வலது தோள். இருபது வருடம் கனத்த இஸ்திரிப் பெட்டியைத் தள்ளித் தள்ளி மூட்டு தேய்ந்துவிட்டது. கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது. சட்டையைக்கூட மகள்தான் மாட்டிவிடுவாள். ஒரு வருடமாவது பெட்டியைத் தொடக் கூடாது, தொட்டால் அந்தக் கை அவ்வளவுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் பயிற்சிக்குப் போகிற பள்ளியில் ஒரு இடம் காலியாகிறது. தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டு, சான்றிதழோடு வந்தால் அந்த இடம் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். ஆகவே தேர்ச்சி என்பது அந்த வீட்டில் வெறும் தேர்ச்சி இல்லை. அவர் தோள்.

நாடகப் பாடம் நடத்திக் காட்டும் முறை வந்ததும் எல்லோரையும் போல அவளும் என்னிடம்தான் வந்தாள். என் மேசைக்கு அடியில் ஒரு பழைய உறையில் 'மரம் அழுகிறது' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. எந்தப் புண்ணியவான் எழுதியதோ, ஒன்பது வருடமாக அதுதான் ஓடுகிறது. நான்கு பிள்ளைகள் தலையில் பச்சைத் தாள் கட்டிக்கொண்டு மரமாக நிற்பார்கள். ஒருவன் கோடாலியோடு வருவான். மரம் அழும். அவன் திருந்துவான். பச்சைத் தாளும் என்னிடமே கிடைக்கும்.

பாடம் முடிந்து திரும்பியவள் நேராக உள்ளே போய் ஒரு போர்வையை எடுத்து மேசைமேல் அறைந்தாள். பலகைச் சுவர் அதிர்ந்தது.

"என்னாச்சு?" என்றார் கணவர்.

"என்னாகும்? பிள்ளைங்க கொட்டாவி விட்டுச்சுங்க. கோடாலிக்காரன், 'நான் போன வருஷமே திருந்திட்டேன் டீச்சர்'ங்கறான். எல்லா வருஷமும் இதே நாடகம்தானாம். மரத்துல ஒண்ணு, 'டீச்சர், நான் எப்ப அழணும்'னு கேட்குது. எனக்கே அழுகை வந்துடுச்சு."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"இது நாடகம் இல்லையாம், ஒப்பிக்கறதாம். மார்க் போடலை. அடுத்த திங்கக்கிழமை திரும்ப எடுக்கணும். அதுவும் போச்சுன்னா அடுத்த வருஷம்தான்."

குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டென்பதால் நான் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் பெட்டியைப் பிடிக்கறேன். இடது கையால பழகிட்டா ஆச்சு," என்றார் அவர்.

"பேசாம இருங்க. உங்க இடது கைக்குப் பிடிமானம் கிடையாது, டீ குடிக்கறதுக்கே தள்ளாடுது." பெட்டி சீறியது. "மேடம் இன்னொண்ணும் சொன்னாங்க. உங்களுக்கே நிஜமா பதில் தெரியாத ஒரு கேள்வியைப் பிள்ளைங்ககிட்ட எடுத்துட்டுப் போங்கன்னு. டீச்சர் வேஷம் போடலாமாம். ஒரு துணியைப் போட்டா வேற ஆளு, கழட்டினா டீச்சர். ஆனா பிள்ளைங்க கண்ணு முன்னாடியே கழட்டணும், அதை மட்டும் மறக்காதீங்கன்னாங்க. பதில் தெரியாத கேள்விக்கு நான் எங்க போறது?"

அந்த வாரம் முழுக்க விடாத மழை. லாண்டரிக்கு மழைக்காலம் என்பது நரகம். எதுவும் காயாது. கயிறு கயிறாகத் தொங்கும் ஈரத்துக்கு நடுவில் ஒரு ஓரத்தில் மட்டும் காய்ந்து போன துணிகள் இருக்கும். வெளுத்து, மடித்து, சீட்டு குத்தி, வாங்க வராமலே நின்றுபோனவை. அந்த வரிசையில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு ஒரு வருடமும் நான்கு மாதமுமாகத் தொங்கியது. நல்ல துணி. சீட்டில் லாண்டரிக்காரர் கையெழுத்தில் 'இரண்டாவது பொத்தான் இல்லை' என்ற குறிப்பு. துணி உள்ளே வரும்போதே குறையைப் பார்த்து எழுதிவிடுவார். பைகளையும் அப்போதே துழாவிவிடுவார். அந்தத் தொழிலில் தகராறெல்லாம் வாசலில் முடிந்துவிட வேண்டும்.

ஈரத்தைத் தள்ளிக்கொண்டு போனவள் அந்தக் கோட்டுமேல் போய் இடித்துக்கொண்டாள். "இந்த ஆளுதான் எங்க போய்த் தொலைஞ்சார்?" என்று எரிச்சலாகச் சொன்னாள். சொன்னவள் அப்படியே நின்றுவிட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னாள். அவளுக்கே பதில் தெரியாத கேள்வி ஒரு வருடமாக அவள் தலைக்கு மேல்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் அதில் ஒரு சிக்கல். அந்தக் கடையில் இருக்கும் ஒரே சட்டம், அடுத்தவர் துணி நம் தோளில் ஏறக் கூடாது. குளிரில் நடுங்கினாலும் சரி, அளவு பார்க்கிறேன் என்றாலும் சரி. இருபது வருடத்தில் அவர் அதை மீறியதில்லை. கேட்டால் மாட்டேன் என்பார். அதனால் அவள் கேட்கவில்லை. திங்கள் காலை அவர் பின்பக்கம் சோப்பு கரைத்துக்கொண்டிருந்தபோது கோட்டை ஒரு பையில் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியில் என்னிடம் கால் தாள் அளவில் முப்பத்தொரு சீட்டுகள் வெட்டித் தரச் சொன்னாள். பையில் என்ன என்று நான் கேட்டேன். "வினை," என்றாள்.

அன்று வகுப்பில் நடந்ததைச் சாயங்காலம் என் கடை முக்காலியில் உட்கார்ந்து சொன்னாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்குள் அடுத்த கடையில் புயல் அடித்து ஓய்ந்திருந்தது. ஆனாலும் நடந்ததைச் சொல்லும்போது அவளால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

"கோட்டை நாற்காலியில மாட்டி வெச்சு, 'இதோட சொந்தக்காரர் ஒரு வருஷமா வரலை, ஏன்னு எனக்குத் தெரியாது'ன்னேன் அண்ணே. அவ்வளவுதான் சொன்னேன். ஒரு பையன், 'செத்துட்டாரா'ன்னான். இன்னொருத்தன், 'குண்டாயிட்டாரு, கோட்டு பத்தாது'ன்னான். ஒரு பொண்ணு எழுந்து வந்து தொட்டுப் பார்த்து, 'டீச்சர், பொத்தான் பிய்ஞ்ச இடத்துல நூல் அறுந்த மாதிரி இல்லை, யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி இருக்கு'ங்கறா. இருபது வருஷம் தொழில் பண்ற எங்க வீட்டுக்காரர்கூட அதைப் பார்க்கலை."

"அப்புறம்?"

"அப்புறம் நான் கோட்டைப் போட்டுக்கிட்டேன். போட்டதும் நான் அந்த ஆளு. பிள்ளைங்க கேள்வி மேல கேள்வி. 'ஏன் வரலை?' நான், 'வர்றதுக்கு என்னவோ மாதிரி இருக்கு'ன்னேன். வாயில தானா வந்துடுச்சு. 'யாராவது திட்டுவாங்களா?' 'தெரியலை'ன்னேன். வகுப்புல சத்தமே இல்லை அண்ணே. கடைசி வரிசையில மேடம் எழுதறதை நிறுத்திட்டாங்க. அப்புறம் எல்லாரையும் கோட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். ஒவ்வொருத்தரா வந்து உள்பையில வெச்சாங்க, என் நெஞ்சுக்கு நேரா. வெச்சு முடிக்கவும் மணி அடிக்கவும் சரியா இருந்தது. வெளியில மழை. நான் அப்படியே கோட்டோடவே..."

அங்கே சொல் நின்றது. பிள்ளைகள் கண்முன்னால் கழற்றவே இல்லை. அந்த ஆளாகவே வெளியேறி, மழையில் ஓடிவந்துவிட்டாள்.

கடைக்கு வந்து, கணவர் பார்க்குமுன் கோட்டை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, கடிதங்களைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருக்கிறாள். போனது அரை மணி நேரம். ஒரு வருடமும் நான்கு மாதமும் வராத மனிதர் அந்த அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்.

அதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். குடையை மடக்கிவிட்டுச் சீட்டை நீட்டினார். லாண்டரிக்காரர் சீட்டைப் பார்த்ததும் சந்தோஷத்தில் எழுந்தே விட்டார். கோட்டை இறக்கியவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தோள்பட்டை நனைந்திருக்கிறது. கை விளிம்பில் சாக்பீஸ் தூள். தன் கடையில் ஒரு துணியை யாரோ உடுத்தியிருக்கிறார்கள் என்பதும், யார் என்பதும் அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. முகம் செத்துப்போனது. "மன்னிக்கணும், ஒரு நிமிஷம், மறுபடி தேய்ச்சுத் தந்துடறேன்," என்று தேய்ந்த கையாலேயே பெட்டியை எடுக்கப் போனார். வந்தவர், "பரவாயில்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று வாங்கிக் கையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். துணி உள்ளே வரும்போது பையைத் துழாவுவதுதான் வழக்கம். வெளியே போகும்போது எந்த லாண்டரிக்காரரும் துழாவ மாட்டார்.

அவள் திரும்பி வந்ததும் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உடுத்தினியா?"

"பாடத்துக்குத்தாங்க..."

"உடுத்தினியா இல்லையா?"

"ஆமா."

"இருபது வருஷம்," என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச வேண்டியதெல்லாம் எட்டாவது படிக்கும் மகள் வழியாகப் போனது. "உங்கம்மாகிட்ட சொல்லு, கஞ்சி தீர்ந்துபோச்சு." "உங்கப்பாகிட்ட சொல்லு, எனக்குக் கண்ணு இருக்குன்னு." பாவம் அந்தப் பெண், இரண்டு அடி தூரத்துக்குத் தபால்காரி ஆனாள்.

மறுநாள் இன்னொரு இடி. விரிவுரையாளர் பாடத்தைப் பாராட்டினாராம். ஆனால் பிள்ளைகள் எழுதியதைக் கோப்பில் வைத்து வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும், முப்பத்தொன்றும் இருக்க வேண்டும் என்றாராம். போன வருடம் சிலர் தாங்களே எழுதி வைத்துவிட்டார்களாம். கடிதங்களோ ஊர் பேர் தெரியாத ஒருவரின் கோட்டுக்குள். சீட்டில் முகவரி எழுதும் வழக்கம் கிடையாது.

என் கடையில் கூடிய பயிற்சி மாணவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். "நாங்க இடது கையால எழுதித் தர்றோம் அக்கா. பிள்ளைங்க எழுத்து மாதிரியே இருக்கும். நாங்கதான் போன வருஷ சீனியருக்கும் எழுதினோம்."

"பிள்ளைங்களையே திரும்ப எழுதச் சொல்லேன்," என்றேன் நான்.

"கேட்டேன் அண்ணே. கோட்டு எங்க, அவர் படிச்சாரான்னு கேட்குதுங்க. நான்தான் கழட்டவே இல்லையே. நாடகம் முடியலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்குதுங்க. 'படிச்சுட்டார்னா எதுக்கு டீச்சர் மறுபடி எழுதணும்'ங்குது ஒண்ணு. என்ன சொல்றது?" தலையில் அடித்துக்கொண்டாள். "அதுங்க என்ன எழுதிச்சுங்கன்னாவது தெரிஞ்சா நானே எழுதிடுவேன்."

"நீ படிக்கலையா?"

"எங்க படிக்க? கோப்புக்குத்தானே, அப்புறமா எண்ணி ஒட்டிக்கலாம்னு இருந்தேன்."

புதன் சாயங்காலம் இடது கைக்காரர்களிடம் அவள் சரி என்று சொல்லிவிட்டாள். நான் வியாழக்கிழமை காலை மறுபடி முப்பத்தொரு சீட்டுகள் வெட்டி வைத்தேன். எனக்கு அதில் பெரிய தப்பு எதுவும் தெரியவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் அப்பாடா என்றுதான் இருந்தது.

அன்று மத்தியானம் மழை சற்று விட்டிருந்தது. கோட்டுக்காரர் வந்தார். கோட்டு கையில். முகம் சிவந்திருந்தது. லாண்டரி வாசலில் நின்று, "யாரு இதை எழுதினது?" என்று கேட்ட சத்தத்தில் நான் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

லாண்டரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சார், எது?"

அவர் கடிதக் கட்டை மேசைமேல் போட்டார். "என்னை வேவு பார்த்தீங்களா? என் வீட்டுக் கதை உங்களுக்கு எப்படித் தெரியும்? சின்னப் பசங்களை விட்டு எழுத வெச்சிருக்கீங்க!"

உள்ளிருந்து அவள் வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கடிதங்களைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போனது. "சார், உட்காருங்க. தப்பு என்னோடது. இவருக்கு இதுல சம்பந்தமே இல்லை," என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பயிற்சி, மரம், மேடம், கோட்டு, கழற்ற மறந்தது. எதையும் மறைக்கவில்லை. அவள் கணவரும் அப்போதுதான் முழுக் கதையைக் கேட்டார்.

கோட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். கோபம் வடிந்ததும் ஆள் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"நிஜமாவே உங்களுக்கு என்னைத் தெரியாதா?"

"தெரியாது சார். பேருகூடத் தெரியாது."

"அப்போ இது?" ஒரு சீட்டை மட்டும் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "நீங்க படிச்சீங்களா டீச்சர்?"

அவள் கையை நீட்டி வாங்கினாள். மேசைக்கு அருகில் நின்றபடி படித்தாள். பிறகு எனக்கும் காட்டினாள். சாய்ந்த எழுத்து, மூலையில் பெயருக்குப் பதில் வகுப்பு வரிசை எண், பதினேழு.

'கோட்டுக்காரருக்கு, உங்களுக்கு வேலை போயிருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் கோட்டு தேவைப்படவில்லை. எங்கள் அப்பாவுக்கும் வேலை போய்விட்டது. ஆனால் தினமும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவார். பூங்காவில் உட்கார்ந்திருப்பார். நானும் தம்பியும் பஸ்ஸில் போகும்போது பார்த்தோம். பார்த்தது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். யாரும் கேட்கவில்லை. நீங்கள் உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சொன்னால் மத்தியானம் வீட்டிலேயே சூடாகச் சாப்பிடலாம்.'

"நாலு மாசம்," என்றார் கோட்டுக்காரர். "நான் பூங்காவுல இல்லை, ரயில் நிலையத்துல. கடைசி நாள் தகராறுல ஒருத்தன் கோட்டைப் பிடிச்சு இழுத்தான். பொத்தான் அங்கதான் போச்சு. மறுநாள் இதைக் கொண்டுவந்து இங்க போட்டேன். வீட்ல கேட்டா லாண்டரியில இருக்குன்னுடுவேன். அப்புறம் ஒரு கிடங்குல வேலை கிடைச்சது. கோட்டு போடற வேலை இல்லை. அந்த நாலு மாசத்தைப் பத்தி வீட்ல இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கலை. திங்கக்கிழமை எதுவோ தேடும்போது சீட்டு கண்ல பட்டுச்சுன்னு என் வீட்டுக்காரிதான் என்னை அனுப்பினா. கோட்டைப் பெட்டியில வைக்கப் போனப்போதான் பையில இது..."

பின்னால் சொட்டுகிற துணிகளின் சத்தம் மட்டும் இருந்தது.

"இந்தக் குழந்தை யாரு?"

"சொல்ல மாட்டேன் சார்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

அவர் தலையாட்டினார். "மத்ததெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். இதை மட்டும் நான் வெச்சுக்கலாமா?"

எனக்குத்தான் அவசரம் பொறுக்கவில்லை. "தாராளமா வெச்சுக்கங்க. ஒரு நிமிஷம் குடுங்க, நகல் எடுத்துடறேன். கோப்புக்கு அது போதும். முப்பத்தொண்ணு கணக்கு சரியாப் போயிடும்," என்று கையை நீட்டினேன். என் தொழில் புத்தி அது. நகல் எடுக்க முடியாத காகிதம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"வேண்டாம் அண்ணே."

"ஏம்மா? மேடம் எண்ணுவாங்களே?"

"எண்ணட்டும். கோப்பு பத்து பேர் கையில போகும். காட்சிக்கு வைப்பாங்க. அந்தப் பொண்ணு இதை எனக்கு எழுதலை, கல்லூரிக்கும் எழுதலை. இவருக்கு எழுதினா. அவ அப்பாவையே அவ கேட்கலை, நாம ஊருக்குப் போட்டுக் காட்டறதா?" மேசைமேல் கிடந்த கட்டைக் கையில் எடுத்தாள். "மூணு வாரமா அந்தப் பிள்ளை என் கண்ணு முன்னாடிதான் உட்கார்ந்திருக்கு. எனக்குத் தெரியலை. எண்ணி ஒட்டறதுக்குன்னு எடுத்து வெச்சேன்."

நான் கையை இழுத்துக்கொண்டேன். கோட்டுக்காரர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு அவள் இஸ்திரி மேசையிலேயே உட்கார்ந்து மற்ற முப்பதையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். நடுநடுவில் சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். 'குண்டாகிவிட்டால் பரவாயில்லை, பொத்தான் போடாமல் போட்டுக்கொள்ளலாம்' என்று ஒருவன் எழுதியிருந்தான். இடது கைக்காரர்கள் வந்தபோது, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். நான் வெட்டி வைத்த சீட்டுகளில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினாள். பதினேழாம் எண்ணை எழுதி, அந்த வெற்றுச் சீட்டை மற்றவற்றுக்கு நடுவில் வைத்தாள்.

"வெறும் தாளா வெச்சா பிள்ளை எழுதலைன்னு ஆயிடாதா?" என்றேன்.

அவள் கணவர் அதுவரை ஒரு மூலையில் கொக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். மகளைத் தேடவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து கடை முத்திரையை எடுத்தார். வெளுத்து முடிந்த துணியை ஆளிடம் கொடுக்கும்போது சீட்டில் குத்துவது. 'உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று இருக்கும். வலது கை ஓங்க வராது. இடது கையால் மையில் ஒற்றி, அந்த வெற்றுச் சீட்டின்மேல் வைத்து, அவள் கையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"அழுத்து. என் கைக்குப் பிடிமானம் இல்லை," என்றார்.

மூன்று நாளுக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அவள் அழுத்தினாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் என் கடைக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விரிவுரையாளர் கோப்பைப் புரட்டிப் பதினேழாவதில் நின்றாராம். இது என்ன என்று கேட்டாராம். "போய்ச் சேர்ந்துடுச்சு மேடம். நகல் எடுக்கற கடிதம் இல்லை," என்றாளாம். விதி விதிதான் என்று அதற்கான மதிப்பெண்ணைக் கழித்தார். வேஷத்தைக் கழற்றாமல் வெளியேறியதற்கும் கழித்தார். தேர்ச்சிக்குக் கீழே இறங்கவில்லை. முத்திரைக்குப் பக்கத்தில் மட்டும் தன் சுருக்கொப்பத்தைப் போட்டாராம்.

பயிற்சி முடிவில் அதே படிவம் மறுபடி வந்தது. மற்றவர்களுக்கு மூன்று நிமிடம் ஆனது. அவள் என் மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். 'நாடகம் நடத்தும் அளவுக்கு எனக்குத் தன்னம்பிக்கை உண்டு' என்ற வாக்கியத்துக்கு முதல்முறை முழுக்க உடன்பட்டவள், இப்போது தீர்மானமில்லை என்பதில் டிக் போட்டாள்.

"வேலை கிடைக்கப் போற நேரத்துல இது தேவையா?" என்றேன்.

"மேடம் படிப்பாங்க அண்ணே," என்றாள்.

அந்த வாரம்தான் கோட்டுக்காரர் மறுபடி வந்தார். கோட்டை வெளுக்கப் போட்டார். அவளைக் கூப்பிட்டு, "அந்தக் குழந்தைகிட்ட சொல்லிடுங்க, நான் வீட்ல சொல்லிட்டேன்னு," என்றார். சொல்லிவிட்டு, யாரும் எதுவும் கேட்குமுன் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தவள் நேராக லாண்டரிக்குப் போகாமல் என் கடையில் உட்கார்ந்தாள்.

"சொன்னியா?" என்றேன்.

"சொன்னேன். வெளி நடையில தனியா கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துச்சு. அப்புறம், 'அவங்க வீட்ல திட்டினாங்களா டீச்சர்?'னு கேட்டுச்சு. அது மட்டும்தான் கேட்டுச்சு."

"நீ என்ன சொன்னே?"

"இல்லைன்னேன்."

"அவரைக் கேட்டியா நீ?"

"கேட்கலை. அந்த முகத்தைப் பார்த்துட்டு எனக்கு வேற பதில் வரலை அண்ணே. பொய்யா இருக்குமோன்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டே வர்றேன். அந்தப் பொண்ணு இன்னிக்கு வீட்ல போய் அவங்க அப்பாகிட்ட பேசும். எனக்குத் தெரியும். நான் பாட்டுக்கு ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பிட்டேன்."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கணவர் கூப்பிட்டார். "ஏம்மா, இங்க வா. அண்ணே, நீங்களும் வாங்க."

உள்ளே கோட்டை மேசைமேல் விரித்துப் போட்டிருந்தார். புதுச் சீட்டு எழுதுவதற்காகக் குறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், விரலால் ஓரிடத்தைக் காட்டினார். இரண்டாவது பொத்தான். புதியது. மற்றப் பொத்தான்களின் நிறம் இல்லை, நூலும் வேறு நிறம். கடையில் தைத்தது இல்லை என்பது எனக்கே தெரிந்தது. திரும்பத் திரும்ப நூலைச் சுற்றி, இனி எந்தக் காலத்திலும் பிய்யாதபடி இறுக்கித் தைத்திருந்தது.

அவள் அந்தப் பொத்தானை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்போ திட்டலை," என்றாள். கண்ணில் நீர் முட்டியது. "திட்டியிருந்தா இப்படித் தைப்பாங்களா?"

"தெரியாது," என்றார் லாண்டரிக்காரர். "திட்டிக்கிட்டேயும் தைக்கலாம். நீ எனக்குத் தைக்கறதில்லையா?"